கெர்னலுக்கான கிராஸ் கம்பைலர் அமைப்பில் பிழை தேடும் முறை

ஒரு வகை ப்ராசசர் உள்ள கணினியில் வேறொரு வகை ப்ராசசருக்கான கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) கிராஸ் கம்பைலர் கொண்டு கம்பைல் செய்யும்போது எழும் பிழைகளில் பெரும்பாலானவை கெர்னலின் நிரலில் இருப்பதில்லை. நாம் அழைத்ததாக நினைக்கும் கம்பைலர் ஒன்றாகவும் உண்மையில் ஓடிய கம்பைலர் வேறொன்றாகவும் இருப்பதே பல நேரங்களில் காரணம். எனவே பிழைச்செய்தியைத் தேடுபொறியில் இடுவதற்கும், எங்கோ கண்ட ஃபிளாக் ஒன்றை மேக்ஃபைலில் (கம்பைல் செய்யும் கட்டளைகள் அடங்கிய கோப்பில்) சேர்ப்பதற்கும் முன்பு, எந்தக் கம்பைலர், எந்த அசெம்பிளர் (அசெம்பிளி கட்டளைகளை இயந்திர மொழியாக்கும் நிரல்), எந்த லிங்கர் (உருவான துண்டுகளை ஒன்றாக இணைக்கும் நிரல்) ஓடின என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இதற்கு ஜிசிசி என்ற கம்பைலரிடமே கேட்கலாம். -டம்ப்மெஷின் என்ற ஃபிளாகுடன் அழைத்தால், அது தான் எந்த இலக்குக்கு உரியது என்பதை ஒரே வரியில் சொல்லிவிடும். 64 பிட் ஆர்ம் ப்ராசசருக்கான லினக்ஸ் கெர்னல் என்றால் ஏஆர்ச்64-லினக்ஸ்-க்னூ என்றும், இன்டெல் 32 பிட் கணினிக்கு நீங்களே எழுதும் சிறு கெர்னல் என்றால் ஐ686-எல்ஃப் என்றும் பதில் வர வேண்டும். அடுத்து -ப்ரின்ட்-ப்ராக்-நேம்=ஏஎஸ் என்று கொடுத்து, அது எந்த அசெம்பிளரை அழைக்கப்போகிறது என்று பாருங்கள். முழுப் பாதை வந்தால் நல்லது. ஏஎஸ் என்ற இரண்டெழுத்து மட்டும் வந்தால், கம்பைலர் தனக்குரிய அசெம்பிளரைத் தன் அடைவுகளில் காணவில்லை என்று பொருள். அப்போது அது பாத் மாறியில் (கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியலில்) முதலில் கிடைக்கும் அசெம்பிளரை, அதாவது உங்கள் கணினியின் சொந்த அசெம்பிளரை எடுத்துக்கொள்ளும். கம்பைலர் சரியான ஆர்ம் கட்டளைகளை எழுதித் தந்தும், டெம்ப் அடைவிலுள்ள ஏதோ ஒரு எஸ் கோப்பைச் சுட்டி, 'நோ சச் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று வரிசையாக நூறு பிழைகள் கொட்டுவது இதனால்தான். அசெம்பிளரும் லிங்கரும் அடங்கிய பைன்யூட்டில்ஸையும் ஜிசிசியையும் கான்ஃபிகர் செய்தபோது டார்கெட் (இலக்கு) அல்லது ப்ரீஃபிக்ஸ் (நிறுவும் அடைவு) மதிப்பு வேறுபட்டிருப்பதே இதன் வழக்கமான காரணம். இரண்டுக்கும் ஒரே மதிப்புகளைக் கொடுத்து, முதலில் பைன்யூட்டில்ஸையும் பிறகு ஜிசிசியையும் மறுபடி நிறுவினால் சிக்கல் தீரும்.

பாத் மாறியை ஒரு டெர்மினலில் மாற்றினால் அந்த டெர்மினலுக்கு மட்டுமே அது செல்லும். ரூட் உரிமையோடு கட்டளைகளை ஓட்டும் சூடோ, பெரும்பாலான அமைப்புகளில் தனக்கென ஒரு பாதைப் பட்டியலைப் பயன்படுத்துவதால், சூடோ மேக் என்று ஓட்டுபவர்களுக்குக் கம்பைலர் காணாமல் போவதில் வியப்பில்லை. கெர்னலைக் கம்பைல் செய்ய ரூட் உரிமை தேவையே இல்லை. கம்பைலரை ஹோம் அடைவுக்குள் நிறுவிக்கொள்வதே மேல்.

லினக்ஸ் கெர்னலைக் கம்பைல் செய்வோர்

லினக்ஸின் பில்ட் அமைப்பு ஆர்ச், கிராஸ்_கம்பைல் என்ற இரண்டு மாறிகளை எதிர்பார்க்கிறது. முன்னதில் ஆர்ம்64 என்றும் பின்னதில் ஏஆர்ச்64-லினக்ஸ்-க்னூ- என்றும் கொடுக்க வேண்டும். பின்னதன் இறுதியிலுள்ள ஹைஃபன் அலங்காரத்துக்கு இல்லை. மேக்ஃபைல் அந்தச் சொல்லோடு ஜிசிசி என்பதை அப்படியே ஒட்டுவதால், ஹைஃபனை விட்டுவிட்டால் க்னூஜிசிசி என்று முடியும் கட்டளையைத் தேடி, அது இல்லை என்று நின்றுவிடும்.

இரண்டில் எது விடுபட்டது என்பதைப் பிழைச்செய்தியே காட்டிக்கொடுக்கும். இன்டெல் கணினியில் ஆர்ச் மாறியை மட்டும் கொடுத்திருந்தால், கணினியின் சொந்த ஜிசிசி -மிலிட்டில்-எண்டியன் என்ற ஃபிளாக் தனக்குத் தெரியாது என்று முறையிடும். கிராஸ்_கம்பைல் மட்டும் கொடுத்திருந்தால், இன்டெல் கெர்னலுக்கான -எம்64 ஃபிளாகைப் பார்த்து ஆர்ம் கம்பைலர் முறையிடும். இரண்டு மாறிகளையும், கெர்னலின் தெரிவுகளை அமைக்கும் மெனுகான்ஃபிக் உட்பட ஒவ்வொரு மேக் கட்டளைக்கும் கொடுக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒருமுறை மறந்தாலும் கான்ஃபிக் கோப்பு வேறொரு ப்ராசசருக்கு உரியதாக மாற்றி எழுதப்பட்டுவிடலாம். அப்படி ஆகிவிட்டால் மேக் எம்ஆர்ப்ராப்பர் ஓட்டித் தூய்மையான நிலையிலிருந்து தொடங்குவதே நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அது கான்ஃபிக் கோப்பையும் அழித்துவிடும் என்பதால், வேண்டியிருந்தால் முதலில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

கெர்னலைக் கம்பைல் செய்யும்போது ஃபிக்ஸ்டெப், மாட்போஸ்ட் போன்ற சிறு நிரல்கள் நம் கணினியிலேயே ஓட வேண்டியிருக்கும். அவற்றைக் கணினியின் சொந்தக் கம்பைலர்தான் உருவாக்க வேண்டும். திரையில் ஓடும் வரிகளை உற்றுப் பார்த்தால், சில வரிகள் ஹோஸ்ட்சிசி (நம் கணினியின் சொந்தக் கம்பைலர்) என்றும் மற்றவை சிசி என்றும் தொடங்குவதைக் காணலாம். ஹோஸ்ட்சிசி வரியை ஒட்டி ஓபன்எஸ்எஸ்எல் ஹெடர் இல்லை என்று பிழை வந்தால், நிறுவ வேண்டியது நம் கணினிக்கான டெவலப்மென்ட் தொகுப்பு. இலக்குக் கணினிக்கான தொகுப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' என்று வந்தால், யாரோ ஹோஸ்ட்சிசி மாறியிலும் கிராஸ் கம்பைலரை வைத்துவிட்டார்கள் என்று கொள்ளலாம். கட்டளைகளை முழுமையாகக் காண மேக் கட்டளையோடு வி=1 என்பதைச் சேர்க்கவும்.

எல்லாம் சரியாக இருந்தும் கம்பைலரின் வயதும் கெர்னலின் வயதும் பொருந்தாமல் போகலாம். 2020இல் வந்த ஜிசிசி 10, ஒரே பொது மாறியைப் பல கோப்புகளில் வரையறுப்பதை இயல்பாகவே மறுக்கத் தொடங்கியதால், பழைய கெர்னல்களில் டிடிசி என்ற துணைநிரல் 'ஒய்ஒய்லாக்' என்ற பெயர் பலமுறை வரையறுக்கப்பட்டதாகச் சொல்லி நின்றது. 2025இல் வந்த ஜிசிசி 15 இயல்பாக சி23 மொழியை எடுத்துக்கொள்வதால், ட்ரூ, ஃபால்ஸ் ஆகியவற்றைத் தாமே வரையறுக்கும் பழைய நிரல்கள் உடைகின்றன. மறுபுறம், லினக்ஸ் 5.15 முதல் குறைந்தது ஜிசிசி 5.1உம், 6.16 முதல் குறைந்தது ஜிசிசி 8.1உம் தேவை. பழைய கெர்னலைப் புதிய கம்பைலருக்கு ஏற்பத் திருத்திக்கொண்டே போவதைவிட, அக்காலத்துக் கம்பைலர் ஒன்றைத் தனி அடைவில் நிறுவிப் பயன்படுத்துவதையே நான் பரிந்துரைப்பேன்.

சொந்தக் கெர்னல் எழுதுவோர்

கணினியில் ஏற்கெனவே இருக்கும் ஜிசிசியே போதும் என்ற எண்ணம் இங்கே அதிகம். 'ஸ்டாக் செக் ஃபெயில்' என்ற செயற்கூறு கிடைக்கவில்லை என்று லிங்கர் சொன்னால், பெரும்பாலும் லினக்ஸ் வினியோகத்தின் கம்பைலர்தான் ஓடியிருக்கிறது. ஸ்டாக் பாதுகாப்பை இயல்பாகவே சேர்ப்பது அதன் பழக்கம். அதை நிறுத்த ஒரு ஃபிளாக், பிஐஇயை (எந்த முகவரியிலும் ஓடக்கூடிய நிரல் வடிவை) நிறுத்த ஒரு ஃபிளாக் என்று அடைத்துக்கொண்டே போகலாம். ஆனால் அந்தக் கம்பைலர் கணினியின் ஹெடர் கோப்புகளையும் ஓசையின்றி எடுத்துக்கொள்ளும் என்பதால், நம் கெர்னலில் இல்லாத ஒன்றைப் பயன்படுத்திய தவறு லிங்கர் நிலை வரை தெரியவே தெரியாது. ஐ686-எல்ஃப் போன்ற, எந்த இயங்குதளத்தையும் சாராத எல்ஃப் இலக்குக்கான கம்பைலரோ இன்க்ளூட் வரியிலேயே நிறுத்திவிடும்.

அந்தக் கம்பைலரை மூலநிரலிலிருந்து உருவாக்கும்போது ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி ஆகிய மூன்று நூலகங்கள் இல்லை என்று கான்ஃபிகர் நின்றால், ஜிசிசி மூலநிரலின் கான்ட்ரிப் அடைவிலுள்ள டவுன்லோட்_ப்ரீரெக்விசிட்ஸ் நிரலை ஓட்டினால் போதும். மூலநிரல் அடைவுக்கு உள்ளேயே கான்ஃபிகர் செய்யாமல் தனி அடைவில் செய்யவும். ஆல்-ஜிசிசி மட்டும் ஓட்டிவிட்டு ஆல்-டார்கெட்-லிப்ஜிசிசியை விட்டுவிட்டால், பிறகு லிங்கர் -எல்ஜிசிசி கிடைக்கவில்லை என்று சொல்லும். 32 பிட் கெர்னலில் 64 பிட் எண்களை வகுக்கும் இடங்களில், ஜிசிசியின் துணை நூலகமான இந்த லிப்ஜிசிசிதான் கைகொடுக்கிறது. லினக்ஸ் அதனுடன் பொதுவாக இணைவதில்லை. அங்கே டூ_டிவ், டிவ்_யு64 போன்றவற்றைப் பயன்படுத்த வேண்டும். இயங்குதளத்தின் நூலகங்களை நம்பாத ஃப்ரீஸ்டாண்டிங் முறையிலும் மெம்காப்பி, மெம்மூவ், மெம்செட், மெம்கம்ப் ஆகிய நான்கையும் நாமே எழுதித் தர வேண்டும் என்பதை நினைவில் கொள்க. நாம் அழைக்காவிட்டாலும் ஜிசிசி அவற்றை அழைக்கக்கூடும்.

பிழையின்றிக் கம்பைல் ஆகியும் கெர்னல் பூட் ஆகாவிட்டால், ரீட்எல்ஃப் -எச் கொடுத்து மெஷின் என்ற வரியைப் பாருங்கள். அது சரியாக இருந்து, பூட்லோடரான கிரப் மட்டும், கெர்னலை அதற்கு அடையாளம் காட்டும் மல்டிபூட் ஹெடரைக் காணவில்லை என்றால், அந்த ஹெடர் கோப்பின் முதல் 8192 பைட்டுகளுக்குள் இருக்கிறதா என்று சோதிக்கவும். லிங்கர் சேர்க்கும் பில்ட்-ஐடி குறிப்பு முன்னால் வந்து அமர்ந்து ஹெடரைப் பின்னுக்குத் தள்ளியிருக்கலாம்; லிங்கருக்கு --பில்ட்-ஐடி=நன் என்று கொடுத்தால் அது நீங்கும். 64 பிட் இன்டெல் கெர்னல் பூட் ஆகி, இன்டரப்ட் வரத் தொடங்கிய பிறகு காரணமின்றி மாறிகளின் மதிப்பு சிதைந்தால் ரெட் ஸோனைச் சந்தேகியுங்கள். ஸ்டாக் முனைக்குக் கீழே 128 பைட்டுகளைக் கம்பைலர் தன் விருப்பம்போல் பயன்படுத்திக்கொள்ள, ப்ராசசர் இன்டரப்டின்போது அதே இடத்தில் எழுதிவிடுகிறது. -எம்நோ-ரெட்-ஸோன் ஃபிளாகைக் கெர்னலுக்குக் கொடுப்பதோடு, லிப்ஜிசிசியையும் அதே ஃபிளாகுடன் உருவாக்க வேண்டும்.