புல்வெட்டி இன்ஜினை விமானத்தில் ஏற்றுகிறவர்களுக்கு: டைமிங் வைக்கும் முறை

பெரிய மாடல் விமானம் கட்டுகிறவர்களுக்கு விலை கட்டுப்படியாகிற இன்ஜின் என்றால், விவசாய மிஷின் கடையில் கிடைக்கும் 43 சிசி பிரஷ் கட்டர் இன்ஜின்தான். போர் 40 மி.மீ., ஸ்ட்ரோக் 34 மி.மீ. கிளட்ச், ரீகாயில் (கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணும் பாகம்), ஃப்ளைவீல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கிராங்கில் பிராப் (புரொப்பெல்லர்) மாட்ட அலுமினிய ஹப் போட்டு, பேட்டரியில் ஓடும் சிடிஐ (பிளக்குக்குப் பொறி கொடுக்கும் மின்பெட்டி) மாட்டுவது வரை எல்லோரும் நன்றாகவே செய்துவிடுகிறார்கள். "ஸ்டார்ட் ஆகுதுண்ணா, ஆனா இழுக்க மாட்டேங்குது" என்று என் பட்டறைக்கு வருகிறவற்றைப் பார்த்தால், கார்புரேட்டரை நோண்டி நோண்டி ஸ்குரூ தலை தேய்ந்திருக்கும்; கோளாறு டைமிங்கில், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தில் இருக்கும். ஃப்ளைவீல் இருந்தவரை, அதைக் கிராங்கில் ஒரே இடத்தில் பூட்டி வைக்கும் ஒரு சின்ன கீ அதைப் பார்த்துக்கொண்டது. இனி நாம்தான் பார்க்க வேண்டும்.

எவ்வளவு வைப்பது? பிஸ்டன் உச்சிக்கு வர 28 டிகிரி இருக்கும்போது பொறி விழ வேண்டும். நிமிடத்துக்கு 7,000 சுற்றில் அந்த 28 டிகிரியைக் கடக்க கிராங்குக்கு ஆகும் நேரம் 0.67 மில்லி செகண்ட். அதற்குள் தீ பரவி அழுத்தம் ஏற வேண்டும். 1,500 சுற்றில் அதே 28 டிகிரிக்கு 3.1 மில்லி செகண்ட் கிடைக்கும். அவ்வளவு முன்னாலேயே பற்றவைத்தால் பிராப் திருப்பி அடித்து விரலைப் பெயர்த்துவிடும். அதனால்தான் ஆட்டோ அட்வான்ஸ் (உச்சிக்கு எவ்வளவு முன்னால் பொறி என்பதைச் சுற்றுக்கு ஏற்பத் தானே மாற்றும் வசதி) உள்ள சிடிஐ, சுற்று குறைவாக இருக்கும்போது பொறியைத் தாமதப்படுத்துகிறது. சிடிஐயால் பொறியை முன்னால் இழுக்க முடியாது, தள்ளிப்போட மட்டுமே முடியும். ஆகவே ஹப்பில் உள்ள காந்தத்தைப் பார்த்து சிடிஐக்குச் சொல்லும் சென்சாரை நிறுத்த வேண்டிய இடம் முழு அட்வான்ஸ், அதாவது 28. கையால் சுற்றி ஸ்டார்ட் பண்ணுவதற்காக 15-இல் வைத்தால், மேலே போனாலும் 15-தான்.

ரீகாயிலைக் கழற்றுவதற்கு முன்பே ஒருமுறை இழுத்து, கிராங்க் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கேஸில் அம்புக்குறி போட்டு வையுங்கள். சாதாரண பிராப்புக்கு, முன்னால் நின்று பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். டூ ஸ்ட்ரோக் எந்தப் பக்கமும் ஓடும். பொறி உச்சிக்கு எந்தப் பக்கத்தில் விழுகிறது என்பதுதான் அதை முடிவு செய்கிறது.

இப்போது உச்சியைக் கண்டுபிடிக்க வேண்டும். வேலையில் பாதி இதுதான். பிளக் ஓட்டையில் ஸ்குரூ டிரைவரை விட்டு, அது நிற்கும் இடம் உச்சி என்று குறித்துக்கொள்கிறார்கள். உச்சியிலிருந்து 5 டிகிரி தள்ளிப் போனாலும் இந்த இன்ஜினில் பிஸ்டன் இறங்குவது 0.08 மி.மீ.தான். கைக்குத் தெரியவே தெரியாது. டயல் கேஜ் வைக்கலாம் என்றால், பிளக் ஓட்டை சாய்வாக இருக்கும் ஹெட்டில் அது பொய் சொல்லும்.

பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, உள்ளே முனை மழுங்கிய பித்தளை போல்ட் ஒன்றைப் பற்றவைத்துக்கொள்ளுங்கள். அதை ஹெட்டில் முடுக்கினால் பிஸ்டன் உச்சிக்குப் போகாமல் பாதியில் முட்டி நிற்கும். ஹப்பில் டிகிரி அட்டை ஒட்டி, கேஸில் கம்பி முள் ஒன்று நிறுத்துங்கள். ஒரு பக்கம் மெதுவாகச் சுற்றினால் 58-இல் முட்டுகிறது, மறுபக்கம் 66-இல் முட்டுகிறது என்று வையுங்கள். முள்ளை 4 டிகிரி நகர்த்தினால் இரண்டு பக்கமும் 62 காட்டும். இனி பூஜ்யம்தான் உச்சி. போல்ட்டைக் கழற்றிவிட்டு, சுற்றும் திசையிலேயே நகர்த்தி உச்சிக்கு 28 டிகிரி முன்னால் நிறுத்துங்கள். கேஸிலும் ஹப்பிலும் நேருக்கு நேராகக் கூர்மையான கீறல் போடுங்கள்.

ஹப் 40 மி.மீ. விட்டம் என்றால் அதன் விளிம்பில் ஒரு டிகிரி 0.35 மி.மீ. காந்தமோ சென்சாரோ ஒரு மி.மீ. நகர்ந்தால் கிட்டத்தட்ட 3 டிகிரி போச்சு. கண்ணளவில் துளை போட்டுவிட்டு ஸ்லாட்டில் (சென்சாரை நகர்த்த விடும் நீள ஓட்டையில்) சரி பண்ணிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் ஸ்லாட்டையாவது நீளமாக வெட்டுங்கள்.

காந்தத்துக்கு ஒரு முகம்தான் சென்சாரை எழுப்பும். ஒட்டுவதற்கு முன் எந்த முகம் என்று பாருங்கள். 4 மி.மீ. காந்தம் அரை கிராம்கூட இருக்காது. ஆனால் 8,000 சுற்றில் சுமார் 400 கிராம் விசையோடு வெளியே பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். வெறும் சூப்பர் குளூ வேண்டாம். துளையின் உள்சுவரைச் சொரசொரப்பாக்கி, எபாக்ஸி ஊற்றி ஒரு நாள் விடுங்கள்.

பொறி எந்த இடத்தில் விழுகிறது? காந்தம் சென்சாருக்கு நேர் நடுவில் வரும்போது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சில யூனிட்டுகள் காந்தம் நெருங்கும்போது அடிக்கும், சில விலகும்போது அடிக்கும். பிராப்பைக் கழற்றி, பெட்ரோலைத் தள்ளி வைத்து, பிளக்கின் உடம்பு சிலிண்டரைத் தொடும்படி கட்டிவிடுங்கள். எர்த் இல்லாமல் பொறி விட்டால் சிடிஐ எரியும். பிறகு ஹப்பை மெதுவாக, சுற்றும் திசையில் மட்டும் நகர்த்துங்கள். "டிக்" கேட்கிற இடம் கீறலோடு ஒத்துப்போகும் வரை சென்சாரை நகர்த்துங்கள். திருப்பிச் சுற்றிப் பார்த்தால் கணக்கு மாறும்.

ஓடவிட்டபின் டைமிங் லைட் கிடைத்தால் பிராப்புக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொள்ளலாம். பிராப் சுற்றும் தளத்துக்கு நேராகத் தலையை நீட்டாதீர்கள். இன்ஜின் நன்றாகச் சூடானபின், 18x8 அங்குல பிராப்போடு முழுத் திராட்டிலில் டாக்கோமீட்டர் (சுற்றை அளக்கும் கருவி) வைத்து 26, 28, 30 மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். 28-க்கும் 30-க்கும் சுற்றில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் நான் 28-இல்தான் நிறுத்துவேன். அதற்கு மேல் போனால் ஹெட்டில் சூடுதான் மிச்சம். இடத்தை முடிவு செய்ததும் சென்சார் ஸ்குரூவுக்கு லாக்டைட் (ஸ்குரூ தளராமல் பிடிக்கும் பசை) போட்டு, ஸ்லாட் ஓரத்தில் ஒரு கோடு கிழித்துவிட்டு, முதல் டேங்க் தீர்ந்ததும் அந்தக் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.