கிளவுடில் கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள், கிளவுடில், அதாவது வாடகைக்கு எடுத்த தூரத்து சர்வர்களில், நாங்கள் ஒரு காலத்தில் அடித்த அதே கூத்தைத்தான் அடிக்கிறார்கள். பேக்கப் எடு, பாஸ்வேர்டைப் பகிராதே என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவை இங்கே.

ரீஜனைப் பார்க்காமல் "ஒன்றும் ஓடவில்லை" என்பது

இதற்கு இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் 2020-இல் கேப் டவுனில் ஒரு ரீஜன், அதாவது அதன் சர்வர்கள் இருக்கும் தனி வட்டாரம், திறந்தது. ஆனால் அக்கவுண்டில் அதை நாமாகத்தான் இயக்க வேண்டும். அதனால் பயிற்சிப் பாடத்தைப் பார்த்து முதலில் அமெரிக்காவின் வர்ஜீனியா ரீஜனில் எல்லாவற்றையும் ஏற்றுவார்கள். அப்புறம் யாராவது "கிட்டத்தில் இருப்பதுதான் வேகம்" என்றதும் கேப் டவுனுக்கு மாறுவார்கள். பழையது அங்கேயே கிடக்கும். கன்சோலோ (நிர்வாக வலைப்பக்கம்) டெர்மினலோ (கட்டளைத் திரை), மெஷின் லிஸ்ட் கேட்டால் பொதுவாகத் தேர்ந்தெடுத்த ரீஜனில் உள்ளவற்றை மட்டுமே காட்டும்.

ஒரு தம்பி பில்லோடு ஓடிவந்தான். "அண்ணா, லிஸ்ட் காலியா இருக்கு, பில் மட்டும் வருது." எந்த ரீஜன் என்று கேட்டதும் முழித்தான். வர்ஜீனியாவுக்கு மாற்றிப் பார்த்தால் ஸ்டாப் செய்த மெஷின், அதன் டிஸ்க், ஒரு எலாஸ்டிக் ஐபி (நிலையான பொது இணைய முகவரி), பிரைவேட் சப்நெட் (வெளியிலிருந்து நேரடியாக எட்ட முடியாத உள் நெட்வொர்க்) பாடத்துக்காகப் போட்ட நாட் கேட்வே (அங்கிருந்து இணையத்துக்குப் போகும் வாசல்), எல்லாம் பத்திரமாக இருந்தன.

ஸ்டாப் செய்தால் மெஷின் வாடகை மட்டும்தான் நிற்கும். டிஸ்குக்குக் காசு போய்க்கொண்டே இருக்கும். 2024 பிப்ரவரியிலிருந்து எலாஸ்டிக் ஐபி உட்பட பொது ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர். நாட் கேட்வே சும்மா கிடந்தாலும் மணிக்கணக்கில் வாடகை கேட்கும். விலையெல்லாம் டாலரில், நம் சம்பளமோ ராண்டில்.

"பட்ஜெட் அலர்ட் வைத்திருக்கிறேனே" என்பார்கள். அது மெயில் அனுப்பும், அவ்வளவுதான். தனியாகச் சொல்லி வைக்காத வரை எதையும் நிறுத்தாது. செலவுக் கணக்கும் உடனுக்குடன் வராது. செலவைப் பிரித்துக் காட்டும் காஸ்ட் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து ரீஜன் வாரியாகப் பிரித்துப் பாருங்கள், எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும்.

டிமக்ஸ் இல்லாமல் டெப்ளாய்

2023-இல் லோட் ஷெடிங் (முறைவைத்து மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது, டேட்டாபேஸ் மைக்ரேஷன் (டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் வேலை) பாதியில் ரவுட்டர் அணைந்து எஸ்எஸ்ஹெச் (சர்வரோடு உள்ள தொலை இணைப்பு) அறுந்த கதை தெருவுக்கு ஒன்று கிடைக்கும். டிமக்ஸ் என்பது சர்வரிலேயே டெர்மினலை உயிரோடு வைத்திருக்கும் புரோகிராம்; அதற்குள் ஓட்டினால் இணைப்பு அறுந்தாலும் வேலை சர்வரில் நடந்துகொண்டே இருக்கும். கரண்ட் வந்ததும் 'டிமக்ஸ் அட்டாச்' அடித்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இணைப்பு அறுந்தாலும் கட்டளையை ஓடவிடும் நோஹப் போதாதா என்பார்கள். நடுவில் கேள்வி கேட்கிற ஸ்கிரிப்டுக்குப் போதாது.

கீயை கமிட் செய்துவிட்டு அடுத்த கமிட்டில் அழிப்பது

கீ என்பது அக்கவுண்டுக்குள் நுழைய விடும் ரகசியக் குறியீடு. கோடைச் சேமிக்கும் கிட்டில் ஒருமுறை கமிட் செய்தால் (பதிவு செய்தால்), அடுத்ததில் அழித்தாலும் பழைய ஹிஸ்டரியில் இருக்கும். முதலில் கீயை ரத்து செய்யுங்கள்.

கிரானில் நம் ஊர் நேரம்

கிரான் என்பது குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் புரோகிராம். கிளவுட் சர்வர் பெரும்பாலும் யூடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடும். நாம் 2 மணி நேரம் முன்னால்; அதைக் கழித்து எழுதுங்கள்.