கேஎல்லிலிருந்து பினாங்குக்கு மின்சாரக் காரில்: எங்கே நிறுத்தி சார்ஜ் போடுவது

என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் இந்த விஷயத்தில் ஒத்துப்போவதே இல்லை. சார்ஜ் போட நிறுத்துவதென்றால் வழியில் இருப்பதிலேயே அதிக கிலோவாட் கொண்ட இயந்திரமாக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. என் கணக்கு வேறு. பின் சீட்டில் சர்க்கரை நோய் உள்ள அத்தை உட்கார்ந்திருப்பார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவருக்குக் கழிவறை வேண்டும், அப்புறம் சீனி போடாத தே ஓ வேண்டும். செந்தூலிலிருந்து பட்டர்வொர்த்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எங்கே நிறுத்துவது என்பதை நான்தான் முடிவு செய்கிறேன். எப்படி முடிவு செய்கிறேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தூரம். கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு பிளஸ் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். எங்கள் கார் பிஒய்டி அட்டோ 3, பெரிய பேட்டரி உள்ளது, 60.48 யூனிட் (கிலோவாட் மணி) பிடிக்கும். விளம்பரத்தில் 420 கிலோமீட்டர் ஓடும் என்று போட்டிருப்பார்கள். அது ஊருக்குள் நின்று நின்று ஓடுவதையும் சேர்த்து எடுத்த கணக்கு. நான்கு பேர், பெட்டி படுக்கை, ஏர்கோன், 110 கிலோமீட்டர் வேகம் என்று போனால் 100 கிலோமீட்டருக்கு 17, 18 யூனிட் போய்விடும். மழை பிடித்துக்கொண்டால் இன்னும் கொஞ்சம் கூடும். ஆக, முழு சார்ஜில் கிளம்பினாலும் ஒரே மூச்சில் போய்ச் சேரலாம் என்று நம்ப முடியாது. வழியில் ஒரு நிறுத்தம் வேண்டும், அந்த ஒன்று போதும். உங்கள் காரின் கணக்கு வேறாக இருக்கும். நெடுஞ்சாலையில் ஒருமுறை ஓட்டிவிட்டு, 100 கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் போனது என்று திரையில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். விளம்பர எண்ணை மறந்துவிடலாம்.

அந்த ஒரு நிறுத்தத்தை எங்கே வைப்பது? இருபது சதவீதத்துக்குக் கீழே போகாமல், ஆனால் முடிந்த அளவு குறைந்த சார்ஜில் போய்ச் சேர வேண்டும். பேட்டரி காலியாக இருக்கும்போதுதான் டிசி சார்ஜர் (வழியில் வைத்திருக்கும் வேக இயந்திரம்) வேகமாக ஏற்றும். எண்பது சதவீதம் தாண்டினால் வேகம் குறைந்துகொண்டே வரும். கடைசி இருபது சதவீதத்துக்காகக் காத்திருப்பது நேர விரயம், பின்னால் வரிசையில் நிற்பவருக்கும் எரிச்சல். 90 சதவீதத்தோடு கிளம்பினால், தாப்பாவைத் தொடும்போது சுமார் 150 கிலோமீட்டர் ஓடி, பாதிக்குக் கொஞ்சம் கீழே இருக்கும். ஈப்போ வரும்போது 200 கிலோமீட்டர் ஆகி, முப்பது சதவீதத்துக்கு வந்திருக்கும். அதனால் எங்களுக்கு ஈப்போதான் கணக்காகப் பொருந்துகிறது. நெடுஞ்சாலையை விட்டு இறங்க வேண்டாம் என்றால் சிம்பாங் பூலாய் ஓய்விடம், இறங்கத் தயார் என்றால் ஈப்போ டவுன்.

இடத்தை ஈப்போ என்று முடிவு செய்தாலும் எனக்கு மனது ஒன்றில் நிற்காது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று குறித்து வைப்பேன். தாப்பாவிலிருந்து சிம்பாங் பூலாய் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். அங்கிருந்து சுங்கை பேராக் ஓய்விடமும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். தாப்பாவைத் தாண்டும் முன்பே சிம்பாங் பூலாயில் இயந்திரம் காலியாக இருக்கிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பார்த்துவிட வேண்டும் (ஓட்டுகிறவர் கைபேசியைத் தொடக் கூடாது, எங்கள் காரில் இது சட்டம்). அங்கே கூட்டமென்றால் தாப்பாவிலேயே பதினைந்து நிமிடம் போட்டுக்கொண்டு போய்விடலாம்.

என் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளாத இடம் இதுதான். 180 கிலோவாட் இயந்திரம் ஒன்றே ஒன்று இருக்கும் இடத்தைவிட, 60 கிலோவாட் இயந்திரங்கள் நான்கு இருக்கும் இடத்தைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். ஒன்று மட்டும் இருந்தால், அது பழுதாகிக் கிடந்தாலோ யாராவது போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தாலோ நம் பாடு திண்டாட்டம். அதோடு, அட்டோ 3 அதிகபட்சம் 88 கிலோவாட்தான் வாங்கும். 180 கிலோவாட் பெட்டியில் போட்டாலும் அதற்கு மேல் ஒரு சொட்டு ஏறாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: 180 என்று எழுதியிருக்கும் பெட்டியில் இரண்டு துப்பாக்கி (காரில் மாட்டும் ஒயர் முனை) இருந்தால், பக்கத்தில் இன்னொரு கார் வந்து மாட்டியதும் மின்சாரம் இரண்டாகப் பிரியலாம். பெட்டியின் எண்ணைப் பார்த்துப் போகிறவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதில்லை.

சரி, செயலிகளுக்கு வருவோம். மலேசியாவில் ஜென்தாரி, சார்ஜ்இவி, ஜோம்சார்ஜ், டிசி ஹண்டால், சார்ஜ்சினி, டிஎன்பி எலெக்ட்ரோன் என்று ஆளுக்கொரு வலை விரித்திருக்கிறார்கள். எல்லாச் செயலியையும் இறக்கிக் கைபேசியை நிரப்பத் தேவையில்லை. நீங்கள் போகும் பாதையில் எந்த நிறுவனத்தின் இயந்திரங்கள் இருக்கின்றன என்று பார்த்து, அவற்றை மட்டும் வீட்டிலேயே பதிவு செய்து, கார்டு விவரத்தைப் போட்டு, பணம் ஏற்ற வேண்டியதென்றால் கொஞ்சம் ஏற்றியும் வைத்துவிடுங்கள். பேரங்காடியின் அடித்தளத்தில் சிக்னல் கிடைக்காமல் கடவுச்சொல் குறுஞ்செய்திக்காகக் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஷெல் நிலையங்களின் நெடுஞ்சாலை சார்ஜர்களுக்கு பார்க்ஈஸி செயலியில் முன்பதிவு செய்யும் வசதி வந்தது. சின்னக் குழந்தையோ வயதானவரோ கூட இருந்தால் முன்பதிவு வசதியைத் தேடிப் பார்ப்பது நல்லது.

நிறுவனங்களின் செயலிகளோடு பிளக்ஷேரையும் வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் இருக்கிறது என்பதை நிறுவனச் செயலி சொல்லும். நேற்று யாராவது அதில் சார்ஜ் போட முடிந்ததா என்பதை பிளக்ஷேரில் மற்ற ஓட்டுநர்கள் எழுதியிருப்பார்கள். நட்சத்திர மதிப்பெண்ணை நான் பார்ப்பதில்லை. கடைசியாக எப்போது, எந்தக் காருக்கு, எத்தனை கிலோவாட் கிடைத்தது என்பதைத்தான் பார்ப்பேன். இரண்டு மூன்று வாரமாக யாரும் எதுவும் எழுதாத இடம் என்றால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். படங்களையும் பாருங்கள். கூரை இருக்கிறதா, கழிவறைக்கு எவ்வளவு நடக்க வேண்டும், ராத்திரியில் விளக்கு எரிகிறதா என்பதெல்லாம் படத்தில்தான் தெரியும். மாலை மழை கொட்டும் நம் நாட்டில் கூரை பெரிய விஷயம். மழையில் சார்ஜ் போடுவதால் ஆபத்தில்லை, அதற்கேற்பத்தான் செய்திருக்கிறார்கள். நனைவது நாம்தான். குடை பின் பெட்டியில் வேண்டாம், கதவுப் பக்கம் இருக்கட்டும்.

வழிகாட்டும் வரைபடம் சொல்லாத ஒன்று உண்டு: சாலையின் எந்தப் பக்கம். நெடுஞ்சாலை ஓய்விடங்கள் பெரும்பாலும் வடக்கே போகிறவர்களுக்கு ஒன்று, தெற்கே வருகிறவர்களுக்கு எதிர்ப்புறம் இன்னொன்று என்று இரண்டாக இருக்கும். பெயர் இரண்டுக்கும் ஒன்றுதான். செயலியில் 'ஆரா உத்தாரா' (வடக்கு நோக்கி), 'ஆரா செலாத்தான்' (தெற்கு நோக்கி) என்று போட்டிருப்பதைப் படித்துவிட்டுத்தான் குறிக்க வேண்டும். எதிர்ப்பக்கம் இருப்பதைக் குறித்துவிட்டால், கண்ணுக்கு எதிரே இயந்திரம் தெரியும், போகத்தான் முடியாது. அடுத்த டோலில் இறங்கித் திரும்பி வர வேண்டும். அதனால் போவதற்கு ஒரு பட்டியல், வருவதற்கு வேறொரு பட்டியல் வைத்திருக்கிறேன்.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் டோல் எகிறிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். பிளஸ்ஸில் ஓடிய தூரத்துக்குத்தான் கட்டணம். ஈப்போவில் இறங்கி மறுபடி ஏறினால் பெரிய வித்தியாசம் வராது. பள்ளி விடுமுறையிலும் வார இறுதியிலும் ஓய்விடங்களில் பெட்ரோல் கார்கள்கூட இடம் தேடிச் சுற்றும் நேரத்தில், டவுனுக்குள் பேரங்காடி சார்ஜர்கள் காலியாகக் கிடக்கும். லாஹாட் சாலைப் பக்கம் லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சாப்பாடு சாப்பிடலாம். நேரமிருந்தால் குனோங் சீரோவில் கல்லுமலைக் கோயிலுக்கும் போய் வரலாம், அத்தைக்கு அதில் ரொம்பத் திருப்தி. ஆனால் சாப்பாட்டுக் கடை சார்ஜருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் அல்லது சார்ஜ் முடிந்த பிறகு சாப்பிடப் போக வேண்டும். முப்பதிலிருந்து எண்பது சதவீதம் வர எங்கள் காருக்கு நல்ல இயந்திரத்தில் அரை மணி நேரம்தான். சார்ஜ் முடிந்த பிறகும் காரை எடுக்காமல் வைத்திருந்தால் பல இடங்களில் நிமிடக் கணக்கில் தனிக் கட்டணம் உண்டு. பேரங்காடியில் அதற்கு மேல் பார்க்கிங் கட்டணமும் சேரும்.

செலவு எவ்வளவு என்று கேட்பார்கள். டிசி சார்ஜர்களில் யூனிட்டுக்கு ஏறக்குறைய 1 ரிங்கிட் 20 சென்னிலிருந்து 1 ரிங்கிட் 80 சென் வரை பார்த்திருக்கிறேன். ஈப்போவில் முப்பது யூனிட் ஏற்றினால் 36-லிருந்து 54 ரிங்கிட். சில இடங்களில் யூனிட்டுக்குப் பதில் நிமிடத்துக்குக் காசு வாங்குவார்கள். மெதுவாக ஏற்றும் காருக்கு அது நஷ்டம், துப்பாக்கியை எடுக்கும் முன் படித்துவிடுங்கள்.

ஈப்போவைத் தாண்டி ஜெலாபாங் கழிந்ததும் மெனோரா சுரங்கம் வரை ஏற்றம். சதவீதம் மளமளவென்று இறங்குவதைப் பார்த்து முதல் தடவை ஓட்டுகிறவர்கள் பதறிப்போவார்கள். பதற வேண்டாம், அந்தப் பக்கம் கோலக்கங்சாரை நோக்கி இறங்கும்போது மோட்டார் கொஞ்சத்தைத் திருப்பித் தரும். ஆனால் இருபது சதவீதத்தோடு அந்த மலையேறத் துணிய வேண்டாம். ஈப்போவில் எண்பது வைத்துக்கொண்டு கிளம்பினால் பட்டர்வொர்த்தில் முப்பது சதவீதமாவது மிச்சமிருக்கும்.

தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் சமயத்தில் மேலே சொன்னதெல்லாம் பாதிதான் செல்லுபடியாகும். அந்த நாட்களில் நாங்கள் விடிவதற்கு முன் கிளம்பிவிடுவோம், நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு. 110-க்குப் பதில் 95-ல் ஓட்டினால் கண்கூடாகக் குறைவாகச் செலவாகும், வரிசையில் நிற்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் அது லாபம். தைப்பூசத்துக்குப் பினாங்கு தீவுக்குள் போகிறவர்கள் பாலம் ஏறும் முன் பெருநிலத்திலேயே சார்ஜை முடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர்மலைப் பக்கம் சாலைகளை அடைத்துவிடுவார்கள், அப்போது தீவுக்குள் சார்ஜர் தேடி அலைவது வீண் வேலை.

தீவில் தங்குவதாக இருந்தால் விடுதியை முன்பதிவு செய்யும்போதே தொலைபேசியில் கேளுங்கள்: ஏசி சார்ஜர் (மெதுவாக ஏற்றும் வகை) எத்தனை இருக்கிறது, எத்தனை கிலோவாட், விருந்தினருக்கு ஒதுக்கி வைப்பார்களா? இணையதளத்தில் 'மின்சார வாகன வசதி உண்டு' என்று போட்டிருப்பது ஒரே ஒரு புள்ளியாக இருக்கலாம், அதன் முன் பெட்ரோல் காரும் நிற்கலாம். 7 கிலோவாட் சார்ஜர் ராத்திரி முழுக்கக் கிடைத்தால் எங்கள் கார் விடிவதற்குள் நிரம்பிவிடும், ஊர் திரும்பும் கவலையும் தீர்ந்தது. அம்மா வீட்டில் சாதாரண மூன்று முள் பிளக்கில்தான் போடுகிறோம். ஒரு மணி நேரத்துக்கு 2 யூனிட் அளவில்தான் ஏறும், ஆனாலும் இரண்டு ராத்திரி தங்கினால் போதுமான அளவு ஏறிவிடும். பழைய வீடென்றால் அந்த ஒயரைத் தாங்குமா என்று ஒரு மின்பணியாளரை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், நீட்டிப்பு ஒயரில் மாட்டவே வேண்டாம்.