கோப்பு இருக்கிறது, சர்வர் இல்லை என்கிறது: வேர்ட்பிரஸ் நிறுவும்போது வரும் பாதைப் பிழைகள்

உபுண்டு சர்வரில் என்ஜின்எக்ஸ் என்னும் வலைச் சர்வர் மென்பொருளையும், பிஎச்பி நிரல்களை இயக்கும் பிஎச்பி-எஃப்பிஎம் சேவையையும் அமைத்து, வேர்ட்பிரஸ் கோப்புகளை ஏற்றிய பிறகு உலாவியில் தள முகவரியைத் திறந்தால் 404 (பக்கம் கிடைக்கவில்லை) என்று வருகிறது. முனையத்தில் பார்த்தாலோ இன்டெக்ஸ்.பிஎச்பி வைத்த இடத்திலேயே இருக்கிறது. அண்மையில் ஒரு தளத்தை நிறுவியபோது எனக்கு நேர்ந்த இந்தச் சிக்கலைத் தீர்த்த வழியை வரிசையாக எழுதுகிறேன். எஸ்எஸ்எச் வழியாக நுழைவதும் தரவுத்தளம் உருவாக்குவதும் உங்களுக்குத் தெரியும் என்று கொள்கிறேன்.

படி 1: உலாவியை விடுத்து லாகை (சர்வரின் பதிவுக் கோப்பை) பாருங்கள்

உலாவியில் தெரியும் 404 பார்வையாளருக்குச் சொல்லப்படும் பதில் மட்டுமே. காரணம் /வார்/லாக்/என்ஜின்எக்ஸ்/எர்ரர்.லாக் என்னும் கோப்பின் கடைசி வரிகளில் இருக்கும். ‘டெயில் -எஃப்’ கட்டளையால் அதைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தைப் புதுப்பியுங்கள். புதிதாக வரும் வரியில் முழுப் பாதையும், அடைப்புக்குறிக்குள் ஓர் எண்ணும் இருக்கும். எண் 2 என்றால் அந்தப் பாதையில் கோப்பு இல்லை. 13 என்றால் அதை எட்டுவதற்கு அனுமதி இல்லை. இரண்டுக்கும் தீர்வு முற்றிலும் வேறு என்பதால், எண்ணைப் பார்க்கும் முன் எதையும் மாற்ற வேண்டாம்.

படி 2: எண் 2 வந்தால்

லாகில் உள்ள பாதையை நகலெடுத்து ‘எல்எஸ்’ கட்டளைக்குக் கொடுத்துப் பாருங்கள். வேர்ட்பிரஸ் தொகுப்பைப் பிரித்தால் எல்லாக் கோப்புகளும் ‘வேர்ட்பிரஸ்’ என்னும் உள் கோப்புறைக்குள் சென்றிருக்கும். என்ஜின்எக்ஸ் அமைப்பில் உள்ள ‘ரூட்’ வரி அதற்கு மேலுள்ள கோப்புறையைச் சுட்டினால் இந்த எண்தான் வரும். விண்டோஸ் கணினியில் ஓடிய தளமானால் எழுத்துகளையும் சரிபாருங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் லினக்ஸில் வெவ்வேறு பெயர்கள். அமைப்பைத் திருத்தியபின் ‘என்ஜின்எக்ஸ் -டி’ கொடுத்துச் சோதித்துவிட்டே மறுஏற்றம் செய்யுங்கள்.

படி 3: எண் 13 வந்தால்

என் வேலை வெகுநேரம் தடைப்பட்டது இங்கேதான். கோப்புக்கு 644, கோப்புறைக்கு 755 என எல்லா அனுமதிகளும் முறையாக இருந்தும் 13 வந்துகொண்டே இருந்தது. கோப்பின் அனுமதி மட்டும் சரியாக இருந்தால் போதாது. வேர்க் கோப்புறையிலிருந்து அந்தக் கோப்பு வரையுள்ள ஒவ்வொரு கோப்புறையையும் கடந்து செல்ல, என்ஜின்எக்ஸ் எந்தப் பயனரின் பெயரில் இயங்குகிறதோ அந்தப் பயனருக்கு ‘எக்ஸ்’ அனுமதி வேண்டும். உபுண்டுவில் அந்தப் பயனர் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா. உபுண்டு 21.04 முதல், புதிதாக உருவாக்கப்படும் பயனரின் ஹோம் கோப்புறைக்கு 750 என்ற அனுமதியே இயல்பாக அமைகிறது; அதாவது உரிமையாளரும் அவரது குழுவும் தவிர மற்றவர்கள் அதனுள் நுழைய முடியாது. ஆகவே தளத்தை /ஹோம்/பயனர்/தளம் என்ற இடத்தில் வைத்தால், பழைய வழிகாட்டிகளில் உள்ளபடி செய்தாலும் சர்வர் இரண்டாம் கோப்புறையிலேயே தடுக்கப்படும்.

தடை எங்கே என்பதைக் காட்ட ‘நேம்ஐ’ என்ற கட்டளையே மிகச் சிறந்தது என்பது என் கருத்து. என், ஏ, எம், இ, ஐ என்னும் ஐந்து எழுத்துகளில் அதைத் தட்டி, ‘-எல்’ என்பதையும் முழுப் பாதையையும் சேர்த்தால், பாதையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய அனுமதியும் உரிமையாளரும் கீழ்க்கீழாக வரும். பிறகு ‘சூடோ -யூ’ மூலம் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவின் பெயரில் ‘ஸ்டாட்’ கட்டளையை அதே பாதைக்கு இயக்குங்கள். அது தோல்வியுற்றால் தளமும் திறக்காது.

இந்நிலையில் பலர் தளக் கோப்புறைக்கு 777, அதாவது எல்லாருக்கும் எல்லா அனுமதியும், கொடுக்கச் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வாசற்கதவு பூட்டியிருக்கும்போது உள்ளறையைத் திறந்து வைத்துப் பயனில்லை. தடை ஹோம் கோப்புறையில் இருக்க, தளக் கோப்புறையை மட்டும் திறப்பதால் பிழை நீங்காது, பின்னர் அந்தத் தடை நீங்கும்போது சர்வரில் உள்ள பிற பயனர்கள் அதில் எழுதும் ஆபத்துதான் சேரும். தளத்தை /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ கோப்புறைக்குள் மாற்றி, ‘ரூட்’ வரியைத் திருத்துவதையே நான் பரிந்துரைக்கிறேன். ஹோமிலேயே வைத்தாக வேண்டுமெனில், ‘செட்எஃப்ஏசிஎல்’ கொண்டு அந்த ஒரு பயனருக்கு மட்டும் கடக்கும் அனுமதி கொடுங்கள்.

படி 4: பிழை பிஎச்பிக்குள் இருந்தால்

பக்கம் திறந்தும் ‘ஃபெயில்ட் டு ஓப்பன் ஸ்ட்ரீம்’ என்று வந்தால், வேறொரு கோப்பைச் சேர்க்க நீங்களே எழுதிய ‘ரிக்வயர்’ வரிகளைப் பாருங்கள். இரண்டு புள்ளிகளுடன் தொடங்கும் பாதையை, அந்த வரி உள்ள கோப்பிலிருந்து அன்றி, நடப்புக் கோப்புறையிலிருந்தே பிஎச்பி கணக்கிடுகிறது. உலாவியில் ஓடும் நிரல், குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக இயக்கும் கிரானில் தவறுவது பெரும்பாலும் இதனால்தான். பிஎச்பி 5.3 முதல் கிடைக்கும், முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு கொண்ட ‘டிஐஆர்’ மாறிலியுடன் பாதையைத் தொடங்குங்கள்.

பிற்சேர்க்கை: பழைய சர்வரிலிருந்து தளத்தை மாற்றிய வாசகர்கள் சிலர், இவையெல்லாம் சரியாக இருந்தும் பழைய சர்வரின் பாதையே பிழையில் வருவதாக எழுதியிருந்தனர். தளக் கோப்புறையில் பிஎச்பி அமைப்புகளைக் கொண்ட, புள்ளியுடன் தொடங்கும் .யூசர்.ஐஎன்ஐ என்ற மறைகோப்பு இருக்கிறதா என்று ‘எல்எஸ் -ஏ’ கொடுத்துப் பாருங்கள். சில பாதுகாப்புச் செருகுநிரல்கள், ஒவ்வொரு பிஎச்பி நிரலுக்கும் முன் ஓட வேண்டிய கோப்பைக் குறிக்கும் ‘ஆட்டோ ப்ரீபென்ட் ஃபைல்’ வரியில் முழுப் பாதையை அதில் எழுதி வைக்கும். திருத்தியவுடன் பிழை மறையாவிட்டால் கலங்க வேண்டாம். பிஎச்பி அந்தக் கோப்பை இயல்பாக 300 நொடிகள் நினைவில் வைத்திருக்கும் என்பதால், ஐந்து நிமிடம் காத்திருங்கள், அல்லது பிஎச்பி-எஃப்பிஎம் சேவையை மீண்டும் தொடங்குங்கள்.