கெட்டது டிஸ்க் இல்லை, கேபிள்

வீட்டுக் கணினியில் இரண்டு 4 டிபி டிஸ்க்குகளை லினக்ஸில் ரெய்டு 1 ஆக, அதாவது ஒரே தகவல் இரண்டிலும் பதியும்படி, ஓட்டுகிறேன். ஒருநாள் டிஸ்க்குகளின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டைப் பார்த்தால், இரண்டு 'யு' இருக்க வேண்டிய இடத்தில் ஒரு 'யு'வும் ஓர் அடிக்கோடும்! 'யு' என்றால் டிஸ்க் இயங்குகிறது, அடிக்கோடு என்றால் இல்லை. டிஸ்க் போச்சு என்றே நினைத்தேன்.

புதிது வாங்கும் முன், டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் பார்த்தேன். பழுதாகி மாற்றப்பட்ட செக்டர் (தகவல் பதியும் சிறு பகுதி) பூஜ்யம். ஆனால் 199ஆம் எண்ணில் உள்ள சிஆர்சி பிழை எண்ணிக்கை, அதாவது தகவலைக் கடத்தும்போது நேர்ந்த பிழைகளின் கணக்கு, எகிறியிருந்தது. அது பெரும்பாலும் கேபிள் கோளாறுதான். டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் சாட்டா கேபிளைத் தொட்டுப் பார்த்தேன், முனை லொடலொடவென்று ஆடியது.

கேபிளை மாற்றி, டிஸ்க்கைத் திரும்பச் சேர்த்தேன். மறுஒத்திசைவு, அதாவது மற்ற டிஸ்க்கில் உள்ளதை இதில் மீண்டும் எழுதுவது, முடிய எட்டு மணி நேரம். அதற்குள் மற்ற டிஸ்க்கும் படுத்தால் என்ன செய்வது என்ற பயத்தில், முக்கியமான கோப்புகளை முன்பே வெளி டிஸ்க்கில் நகலெடுத்திருந்தேன்.

அந்த 199 எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பாது. ஏறாமல் நின்றால் சரி. நின்றுவிட்டது.