‘வெய்’ வெறும் ‘இல்லை’ அல்ல

செவ்வியல் சீனம் படிக்கத் தொடங்கியவர்கள் ‘வெய்’ என்ற சொல்லைக் கண்டதும் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார்கள். பாதிப் பொருள் அங்கேயே தொலைந்துவிடுகிறது. பொதுவான மறுப்புக்கு ‘பு’ இருக்கிறது. ‘பு லாய்’ என்றால் வரமாட்டான். ‘வெய் லாய்’ என்றால் இன்னும் வரவில்லை. இன்றைய சீனத்தில் எதிர்காலத்துக்குப் பெயரே ‘வெய்லாய்’தான்: இன்னும் வராதது.

சாவைப் பற்றிக் கேட்ட சீடர் சிலுவிடம் கன்ஃபூசியஸ் சொன்னது இது: “வாழ்வையே இன்னும் அறியவில்லை, சாவை எப்படி அறிவது?” மூலத்தில் இருப்பது ‘வெய்’. இதை ‘வாழ்வை அறியாதவன் சாவை அறிய மாட்டான்’ என்று மாற்றினால், கேட்டவன் முகத்தில் கதவைச் சாத்தியதுபோல் ஆகிவிடும். அந்த ‘இன்னும்’ கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. எனக்கு அந்த வரியின் உயிரே அதுதான்.

இதைக் கற்றுக்கொண்டபின் எல்லா இடத்திலும் ‘இன்னும்’ போடுவது அடுத்த தவறு. மூத்தோரை எதிர்க்க விரும்பாதவன் கலகம் செய்ய விரும்பினான் என்பது ‘வெய் ச்சி யோவ்’ என்று கன்ஃபூசியஸின் உரைத்தொகுப்பிலேயே வருகிறது. இங்கே ‘இதுவரை இருந்ததே இல்லை’ என்பதே சரி. சொல்வரிசையையும் கவனியுங்கள். சீனத்தில் வினைக்குப் பின்னால் வரவேண்டிய ‘ச்சி’ (அதை), மறுப்பு வாக்கியம் என்பதால் ‘யோவ்’ (உண்டு) என்ற வினைக்கு முன்னால் வந்துவிட்டது. தமிழில் செயப்படுபொருள் முன்னால் வருவதே இயல்பு. அதனாலேயே இந்த இடமாற்றம் நம் கண்ணில் படாமல் போகிறது.

‘பி’ என்றால் நிச்சயம். ஆனால் ‘வெய் பி’ என்பது ‘நிச்சயமாக இல்லை’ அல்ல, ‘அப்படித்தான் என்று சொல்வதற்கில்லை’. எழுத்து வடிவத்தில், மேல்கோடு கீழ்க்கோட்டைவிடக் குட்டையாக இருந்தால்தான் ‘வெய்’ (未). நீண்டுவிட்டால் அது நுனியைக் குறிக்கும் ‘மோ’ (末).

வாக்கியக் கடைசியில் வரும் ‘வெய்’தான் பலரையும் தடுக்கி விழவைக்கிறது. சீனாவின் தாங் அரச மரபுக் காலக் கவிஞர் வாங் வெய் (பெயரிலுள்ள ‘வெய்’ வேறு எழுத்து) தன் ஊரிலிருந்து வந்தவரிடம் விசாரிக்கிறார்: நீங்கள் கிளம்பிய நாளில், ஜன்னல் முன்னால் இருக்கும் குளிர்காலப் பிளம் மரம் பூத்திருந்ததா, இன்னும் இல்லையா? அந்த ‘இன்னும் இல்லையா’ முழுவதும் கடைசியில் நிற்கும் ஒற்றை ‘வெய்’. அதைப் ‘பூக்கவில்லை’ என்று படித்தால், ஊரை நினைத்து ஏங்குகிறவனின் கேள்வி வெறும் தகவலாகிவிடும்.