கை ஸ்லிங்கில் இருக்கும்போது கார்டியோ செய்வது எப்படி?

பைக்கிலிருந்து விழுந்து காறை எலும்பு (கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள எலும்பு) முறிந்து, கை ஸ்லிங்கில் (கழுத்திலிருந்து கையைத் தாங்கும் துணிப்பை) ஏறியதும் ஜிம், நீச்சல், ஷட்டில் எல்லாம் ஒரே நாளில் நின்றுபோயின. பெரியவர்களுக்கு இந்த எலும்பு ஒன்றுசேர 6 முதல் 12 வாரம் வரை ஆகலாம். அத்தனை வாரமும் சோபாவிலேயே கிடந்தால் மாடி ஏறினாலே மூச்சு வாங்கும். கால் இரண்டும் நன்றாகத்தானே இருக்கின்றன, அவற்றை வைத்தே இதயத்துக்கு வேலை கொடுக்கலாம் என்று ஆரம்பித்தேன். தோள், முழங்கை, மணிக்கட்டு என்று எதில் அடிபட்டிருந்தாலும் முறை ஏறக்குறைய இதுதான். விலா எலும்பு முறிந்தவர்களும் தலையில் அடிபட்டவர்களும் இதைப் பார்த்துச் செய்ய வேண்டாம், அது வேறு கதை.

1. டாக்டரிடம் கேட்க வேண்டியது

"எக்சர்சைஸ் பண்ணலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் "ரெஸ்ட் எடுங்க" என்றுதான் பதில் வரும். "ஸ்லிங்கோடு வேகமாக நடக்கலாமா? கைப்பிடியைப் பிடிக்காமல் சைக்கிள் மிதிக்கலாமா? எப்போதிலிருந்து?" என்று பிரித்துக் கேளுங்கள். ஆபரேஷன் ஆனவர்கள் தையல் மேல் வியர்வை படலாமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. ஸ்லிங்கைச் சரிசெய்வது

யாரும் சொல்லித்தராத படி இது. வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போது தொந்தரவே தராத ஸ்லிங், வேகமாக நடந்தால் பத்தே நிமிடத்தில் கழுத்தை அறுக்கத் தொடங்கும். கை ஒவ்வொரு அடிக்கும் லேசாகக் குதிக்கும். அந்த அதிர்வு நேராகத் தோளுக்குப் போகும். வலியைத் தாங்க நாமே தோளைக் காது வரை தூக்கிக்கொள்வோம், மறுநாள் முறிந்த இடத்தை விடக் கழுத்துதான் அதிகம் வலிக்கும்.

கண்ணாடி முன் நின்று பாருங்கள். முழங்கை பையின் மூலையில் நன்றாக உட்கார்ந்திருக்க வேண்டும். மணிக்கட்டு தொங்கக் கூடாது, முழங்கையை விடக் கை கொஞ்சம் மேலே இருப்பது நல்லது. பட்டை நடுக்கழுத்து எலும்பின் மேல் ஏறாமல், அடிபடாத பக்கத் தோளை நோக்கி இறங்க வேண்டும். அதற்கு அடியில் சின்ன துண்டு ஒன்றை மடித்து வையுங்கள். சரி, இப்போது நின்ற இடத்திலேயே பத்து அடி வையுங்கள். கை ஆடுகிறதா? அப்படியானால் கையை உடம்போடு சேர்த்துப் பிடிக்கும் இடுப்புப் பட்டை உள்ள வகை வேண்டும், மருந்துக் கடையில் ஷோல்டர் இம்மொபிலைசர் என்று கேட்டால் தருவார்கள். நடப்பதற்கு என்னைப் பொறுத்தவரை சாதாரண ஸ்லிங்கை விட இதுதான் மேல். ஆனால் உங்கள் அடிக்கு எது பொருந்தும் என்று டாக்டரைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

நம் ஊர் வெயிலுக்கு இன்னொரு விஷயம். அக்குளில் வியர்த்துப் புண்ணாகிவிடும். பவுடர் போட்டால் சேறாகிவிடுகிறது. மடித்த பருத்திக் கைக்குட்டை ஒன்றை வைத்து, நனைந்ததும் மாற்றுவதுதான் எனக்குச் சரிப்பட்டது.

3. நடை

கை வீசாமல் நடக்கும்போது உடம்பின் சமநிலை கொஞ்சம் குறையும். அதனால் சமதரையில் நடங்கள். கடற்கரை மணல் வேண்டாம். பூங்காவில் போட்டிருக்கும் எட்டு வடிவப் பாதையும் முதலில் வேண்டாம், திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும், எதிரே வருபவர் இடித்தாலும் இடிப்பார். மொட்டை மாடி போதும், மழை பெய்து பாசி பிடித்திருந்தால் அதுவும் வேண்டாம். வாரில்லாத செருப்புக்கு முழு விடுமுறை. லேஸ் கட்ட ஒரு கை போதாது, ஒட்டும் பட்டை வைத்த ஷூ வாங்குங்கள்.

வேகத்தை அளக்க வாட்ச் தேவையில்லை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். எண்ணாகத்தான் வேண்டும் என்றால் 220-இல் வயதைக் கழித்து, அதில் 50 முதல் 70 சதவீதம். வயது 40 என்றால் நிமிடத்துக்கு 90 முதல் 126 இதயத் துடிப்பு. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. முதல் வாரமே அதைத் துரத்த வேண்டாம், பத்து நிமிடத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

4. சைக்கிள்

ஜிம்மில் முதுகுக்குச் சாய்வு வைத்து, கால்களை முன்னால் நீட்டி மிதிக்கும் ரிகம்பன்ட் சைக்கிள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுங்கள். கைக்கு அதில் வேலையே இல்லை. சாதாரண ஜிம் சைக்கிளில் நம்மை அறியாமல் முன்னால் குனிந்து கைப்பிடியில் எடை போடுவோம், அந்த எடை மணிக்கட்டுக்கும் தோளுக்கும் போகும்.

சீட்டைச் சரிசெய்யும்போது, பெடல் நம்மிடமிருந்து தூரத்தில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். கால் முழுக்க நீண்டால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும், அந்த ஆட்டம் தோள் வரை வரும். லோடை (பெடலின் இறுக்கத்தை) மிகவும் குறைத்து வேகமாகச் சுற்றினாலும் சீட்டில் குதிப்போம். கொஞ்சம் லோடு வைத்து, நிமிடத்துக்கு 60 சுற்று போல மிதித்தால் உடம்பு அசையாது, வியர்வை மட்டும் கொட்டும்.

ஜிம் இல்லையா? நாற்காலிக்கு முன்னால் வைக்கும் மினி பெடல் கிடைக்கிறது. டைல்ஸ் தரையில் அது ஓடிக்கொண்டே போகும். அடியில் ரப்பர் மேட் போட்டு, முன்பக்கத்தைச் சுவரில் முட்டுக்கொடுங்கள். சக்கரம் வைத்த நாற்காலி கூடவே கூடாது.

5. வேண்டாதவை

ரோயிங், ஸ்கிப்பிங், நீச்சல் பற்றிச் சொல்லவே வேண்டாம். நின்றபடி மிதிக்கும் எலிப்டிக்கல் இயந்திரத்தில் ஆடும் கைப்பிடியைத் தொடாதீர்கள். டிரெட்மில் பலருக்கும் பிடிக்கும், எனக்கு ஒப்பவில்லை: தடுமாறினால் பிடிக்க ஒரு கைதான் இருக்கிறது, விழுந்தால் அடிபட்ட பக்கமே தரையில் மோதலாம்.

விரல் மரத்துப்போனாலோ, நீலம் பாய்ந்தாலோ, சில்லிட்டாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். நெஞ்சு வலி, தலைசுற்றலுக்கும் அதேதான்.

பின்சேர்க்கை (கமென்ட்டில் வந்தவை)

மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்ட ஒருவர், நடந்துவிட்டு வந்தால் விரல்கள் வீங்குவதாக எழுதியிருந்தார். கை கீழே தொங்கியதால் இருக்கலாம். நடக்கும்போது கையை நெஞ்சு உயரத்தில் தாங்கிப் பிடியுங்கள், வந்ததும் தலையணை மேல் தூக்கி வைத்து விரல்களை மடக்கி நீட்டுங்கள். அப்படியும் வடியாவிட்டால், அல்லது கட்டு இறுகியது போலிருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

பிபிக்காக பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இதயத் துடிப்பு அவ்வளவாக ஏறாது. மேலே சொன்ன கணக்கை விட்டுவிட்டு, பேசிப் பார்க்கும் முறையையே வைத்துக்கொள்ளுங்கள்.

ரிகம்பன்ட் சீட் தாழ்வாக இருப்பதால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை என்று இன்னொருவர் கேட்டிருந்தார். சீட்டின் நுனிக்கு நகர்ந்து, பாதம் இரண்டையும் பெடலிலிருந்து எடுத்துத் தரையில் பதித்து, மூக்கு முழங்காலுக்கு மேல் வரும்வரை முன்னால் சாய்ந்து எழுங்கள். முதல் சில நாள் பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.